வேறொரு கூரையின் கீழ்

ரந்தசால்மி, மே 6

இல்மாரிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் "பரவாயில்லை" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. தொலைபேசியில் மூன்றாவது வாக்கியத்திலேயே நாம் கத்தத் தொடங்கிவிடுகிறோம், ஆகவே தாள்.

மார்ச் மாதம் நீ போனபோது இரண்டு பெட்டிகள், தூண்டில்கள், பணிமேசைக்கு அடியில் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டி, எல்லாவற்றையும் எடுத்துப் போனாய். கறுப்புப் பெட்டியை எடுத்துப் போனது எனக்கு உறைக்கவே இரண்டு நாளாயிற்று. வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று யோசித்தபோதுதான் அந்த ரீங்காரம் இல்லை என்று தெரிந்தது.

நேற்று ஹக்கராய்னென் புரொப்பெல்லர் வாங்க வந்தார். முகத்தைப் பார்த்தே கேட்டார்: "ஏம்மா ஐலா, ஒன் இணையக் கடை இப்ப எங்க ஓடுது? அவரு கையோட கொண்டு போயிட்டாருன்னு ஊருல பேசிக்கிறாங்களே." நான் சிரித்து மழுப்பினேன். அவர் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

யோசித்துப் பார். பழைய படகு எஞ்சின்களைக் கழற்றி, பாகம் பாகமாக விற்று, பத்தொன்பது வருடத்தில் நான் சேர்த்தது அந்தப் பட்டியல். பதினோராயிரத்து நானூறு பாகங்கள். எந்தப் பாகம் எந்த வருடத்து எஞ்சினுக்குப் பொருந்தும் என்று என் தலையில் இருந்ததை எல்லாம் அதில் கொட்டியிருக்கிறேன். இப்போது என் தலையில் பாதிகூட இல்லை. அது போனால் என்னிடம் இருப்பது ஒரு கொட்டகை நிறைய இரும்பு, அவ்வளவுதான். அப்படிப்பட்ட பட்டியல் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள், குவோபியோவில் மூன்றாம் மாடியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது.

விவாகரத்து மனு உன் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் யோசிக்கச் சொல்கிறது சட்டம். செப்டம்பர் பதினொன்றுக்குப் பிறகு நம்மில் ஒருவர் இரண்டாவது மனுவில் கையெழுத்திட்டால் நீ எனக்கு யாரோ. யாரோ ஒருவரின் படுக்கையறையில் என் கடை இருப்பதை நான் விரும்பவில்லை. பெட்டியைப் பேருந்துப் பார்சலில் போட்டு அனுப்பு. சர்வரை என் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரைதான் எனக்கு ஆண்டு முழுவதற்குமான சோறு. அதற்குள் வர வேண்டும்.

ஐலா


குவோபியோ, மே 11

ஐலா,

பரவாயில்லை.

பெட்டியை அனுப்புகிறேன், அது உன்னுடையது. எடுத்து வந்தது அதைக் கவனிக்க வேறு ஆள் இல்லை என்பதால்தான். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வீட்டில் சர்வர் வைப்பதற்கு முன் சில விஷயங்களை நீ யோசித்தாக வேண்டும். நான் இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன், அதனால் கேள்.

முதலில் மின்சாரம். காற்று அடித்தால் நம் பக்கம் மரம் கம்பியில் விழும். ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் பட்டென்று போனால் சர்வர் ஒருமுறை தாங்கும், இருமுறை தாங்கும், ஒருநாள் உள்ளே தகவல் இருக்கும் வட்டு போய்விடும். ஒரு யூபிஎஸ் வாங்கு. இருபது நிமிடம் தாங்கும், அதற்குள் சர்வர் தன்னைத்தானே ஒழுங்காக அணைத்துக்கொள்ளும்.

அடுத்தது இணைய இணைப்பு. வீட்டு இணைப்பில் உள்ளே வருவது நெடுஞ்சாலை, வெளியே போவது ஒற்றையடிப் பாதை. உன் கடைக்கு வேண்டியது வெளியே போகும் வழி. ஒப்பந்தத்தின் சின்ன எழுத்துகளையும் படி, சில வீட்டு இணைப்புகளில் சர்வர் நடத்த அனுமதி இல்லை. இணைப்பின் முகவரியும் அடிக்கடி மாறும், நிலையான முகவரி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். பட்டியலின் இரண்டாவது நகல் ஒன்று எப்போதும் வேறொரு கூரையின் கீழ் இருக்க வேண்டும். அதே வீட்டில், அடுத்த அறையில் என்பது கணக்கில் வராது. தீ, இடி, திருட்டு, குழாய் வெடிப்பு, எதுவும் அறையைப் பார்த்து வருவதில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு நகல் இருந்தால் அது ஒரே நகல்தான்.

இன்னும் இருக்கின்றன: சூடு, தூசி, இணையத்தில் திறந்த கதவைத் தேடி நாள் முழுக்கத் தட்டிப் பார்க்கும் அந்நியர்கள். கடைசியாக, சர்வர் விழுந்தால் எழுந்து போய்ப் பார்ப்பது யார். இத்தனை நாள் நான் பார்த்தேன். உனக்குத் தெரியாது, ஏனென்றால் விழுந்ததாக நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இந்தக் கடிதத்தைப் பாத்திர அலமாரியில் வை. சர்வரைக் காப்பாற்றும் குறிப்பைச் சர்வருக்குள்ளேயே வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இல்மாரி


ரந்தசால்மி, மே 17

இல்மாரிக்கு,

இருபத்தெட்டு வருடத்தில் நீ என்னிடம் இவ்வளவு வார்த்தைகள் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. என் அக்கா கெர்த்துவிடம் வாசித்துக் காட்டினேன். "பொட்டியப் பத்தின்னா எப்படிப் பேசுறான் பாரு மனுஷன். நீயும் ஒரு ஒயர மாட்டிக்கிட்டு நின்னிருந்தா ஒங்கிட்டயும் பேசியிருப்பான்டி" என்றாள்.

ஆனால் நான் எதையும் அலட்சியம் செய்யவில்லை, குறித்துக்கொள். இணைய ஆளிடம் பேசித் தொழில் இணைப்புக்கு மாற்றி, நிலையான முகவரியும் வாங்கிவிட்டேன். முதலில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தான். செருப்பு அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறைதான் இடம். தூசி இல்லை, ஒரு வாரம் வெப்பமானி வைத்துப் பார்த்தேன், பதினாறு டிகிரியைத் தாண்டவில்லை. சுவரில் மின்பொருத்தி ஏற்கெனவே இருக்கிறது, உன் பேட்டரி சார்ஜர் செருகியிருந்ததே, அதுதான்.

யூபிஎஸ் வேண்டாம். ஒரு பொருளைக் காப்பாற்ற இன்னொரு பொருள் வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. கோடையில் எத்தனை முறை மின்சாரம் போய்விடப் போகிறது?

வேறு கூரை நகலை இப்போதைக்கு நீயே வைத்துக்கொள். உன்மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் நீ எதையும் தொலைத்ததில்லை.

ஐலா


குவோபியோ, மே 22

ஐலா,

இன்றைய பேருந்தில் பெட்டி வருகிறது. நீல வடம் இணையத்துக்கு, கறுப்பு மின்சாரத்துக்கு. செருகினால் தானாக எழும்.

உள்ளே வருவதற்கான கடவுச்சொல் என்னிடமும் உன்னிடமும் மட்டும் இருக்கிறது. தினமும் விடிகாலையில் புதிய மாற்றங்கள் இங்கே நகலாகும். நீ எதுவும் செய்ய வேண்டாம்.

யூபிஎஸ் பற்றி மறுபடி யோசி.

இல்மாரி


ரந்தசால்மி, ஜூன் 17

இல்மாரி,

நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று சனிக்கிழமை. மூன்று சனிக்கிழமையும் மாலை ஆறு மணி வாக்கில் என் கடை மூடிக்கொள்கிறது. ஒன்பது மணிக்குத் தானாகத் திறந்துகொள்கிறது. மற்ற ஆறு நாளும் ஒரு கோளாறும் இல்லை. காற்று இல்லை, இடி இல்லை, வீட்டில் ஒரு விளக்குகூட அணையவில்லை.

சனிக்கிழமை என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நகரத்துக்காரன் வெள்ளிக்கிழமை ஏரிக்கரை வீட்டுக்கு வருவான், சனிக்கிழமை பகலில் எஞ்சினைக் கெடுப்பான், சாயங்காலம் பாகம் தேடுவான். இன்று காலை ஒருத்தன் பேசினான்: "மேடம், சனிக்கெழமை ஒங்க கடைய மூணு தடவ தட்டிப் பாத்தேன், தெறக்கவே இல்ல. லப்பேன்ராந்தாக்காரர்ட்ட வாங்கிட்டேன். நல்ல மனுஷன், ஒடனே அனுப்பிட்டாரு." இன்னும் நாலு நாளில் நடுக்கோடை யுகானஸ் விடுமுறை. அந்த வாரம் ஒரு மாதத்துக்குச் சமம்.

இயந்திரத்துக்குக் கிழமை தெரியுமா? மனிதனுக்குத் தெரியும். சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் சௌனா அறையின் நீராவியில் உட்கார்ந்திருப்பேன், ஒன்பது மணி வரை எந்தத் திரையையும் பார்க்க மாட்டேன் என்று தெரிந்த ஆள், உள்ளே வரக் கடவுச்சொல்லும் வைத்திருக்கும் ஆள், உலகத்தில் ஒருவர்தான்.

என்னைத் தண்டிக்க வேண்டுமென்றால் நேரில் வந்து திட்டு. என் சோற்றில் கை வைக்காதே.

இன்று காலை கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். உன்னிடம் இருக்கும் நகலை அழித்துவிடு. அழித்தேன் என்று எழுத்தில் சொல்.

ஐலா ரௌத்தியோ


குவோபியோ, ஜூன் 20

ஐலா,

உன் கடிதம் நேற்று வந்தது. முழுப் பெயரில் கையெழுத்திட்டிருக்கிறாய். கவனித்தேன்.

சர்வரை நான் அணைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் நான் பேசாமல் இருப்பேன், எதையும் அணைக்க மாட்டேன். இருபத்தெட்டு வருடமாக உன் புகாரே அதுதானே.

சனிக்கிழமை ஆறு மணிக்கு நீ எங்கே இருப்பாய் என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. அந்த நேரத்தில் இந்த நாடே சௌனாவில்தான் இருக்கும், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நீ கதவைப் பூட்டும் முன் வந்த பதிவுகளைப் பார்த்தேன். யாரோ உள்ளே வந்து அணைத்திருந்தால் சர்வர் அதைக் குறித்து வைக்கும். அப்படி எதுவும் இல்லை. மூன்று முறையும் பதிவு வாக்கியத்தின் பாதியில் நின்றுபோயிருக்கிறது. அது மின்சாரம் போவதன் அடையாளம். வீட்டில் விளக்கு அணையவில்லை என்கிறாய். எனக்கும் புரியவில்லை. மின்வேலைக்காரர் பெல்கோனனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். இப்படியே விட்டால் வட்டு போய்விடும்.

நகல் விஷயம். எழுத்தில் கேட்டாய், அழிக்கிறேன். ஆனால் அழிக்கச் சொல்லி வரும் எந்தக் கோரிக்கையையும் நான் முப்பது நாள் தள்ளித்தான் நிறைவேற்றுவேன். எங்கள் தொழிலில் அழித்தது அழித்ததுதான். காலையில் அழிக்கச் சொல்லிவிட்டு மாலையில் அழுதவர்களை எனக்குத் தெரியும். ஜூலை 19 என்று நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். ஜூலை முழுக்க அண்ணனின் ஏரிக்கரை வீட்டில் இருப்பேன், அங்கே தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடையாது. அழிப்பதற்காக 19ஆம் தேதி காலை திரும்புவேன்.

ஜூன் 17 விடிகாலையோடு புதிய மாற்றங்கள் வருவது நின்றுவிட்டது. இப்போது உன் பட்டியல் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. அதை மட்டும் நினைவில் வை.

இல்மாரி


குவோபியோ, உன் வீட்டு வாசல் படி, ஜூலை 18

இல்மாரி,

இதை உன் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து, இன்வாய்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கதவில் இருக்கும் தபால் துளையில் போடப் போகிறேன். நாளை காலை கணினியைத் தொடும் முன் தரையைப் பார். தயவுசெய்து தரையைப் பார்.

சனிக்கிழமை சௌனா முடித்து வந்தேன். ஒன்பதுக்குக் கடை திறக்கவில்லை. சாமான் அறையில் பெட்டி டக், டக் என்று நகம் கடிப்பதுபோல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு எழவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கையில் தாளோடு கொட்டகையில் நிற்கிறேன். ஒருத்தன் கார்புரேட்டர் கேஸ்கட் கேட்டான், எண்பத்தேழாம் வருட எஞ்சினுக்கு. என் கொட்டகையில் அது இருக்கிறது, எனக்குத் தெரியும். எந்தத் தட்டில், எந்த டப்பாவில் என்று தெரியவில்லை. அரை மணி நேரம் தேடிவிட்டு "இல்லை" என்று சொன்னேன். என் வாழ்க்கையில் இருக்கும் சரக்கை இல்லை என்று சொன்னது அதுதான் முதல் முறை.

திங்கட்கிழமை பெல்கோனனைக் கூப்பிட்டேன். ஆமாம், நீ சொல்லி நாலு வாரம் கழித்து. மின்பெட்டியைத் திறந்து பார்த்தார், சாமான் அறைக்குப் போனார், மறுபடி வந்தார்.

"ஏம்மா, சௌனா அடுப்ப ஒரு தடவ போடு."

"மத்தியானத்துலயா?"

"போடும்மா, குளிக்கச் சொல்லல."

போட்டேன். உள்ளேயிருந்து அவர் சிரிப்புச் சத்தம் கேட்டது. "வந்து பாரு. அடுப்பு எரிஞ்சா வீடு மொத்தமும் தாங்காதுன்னு, அது ஓடுற வரைக்கும் அறைச் சூடாக்கிங்களுக்குப் போற மின்சாரத்த இந்த ரிலே வெட்டிடும். எல்லா வீட்லயும் அப்படித்தான். ஆனா ஒங்க வீட்ல எந்தப் புத்திசாலியோ சாமான் ரூம் பொருத்திய, சூடாக்கி லைன்லேர்ந்து இழுத்து வச்சிருக்கான். எந்த மடையன் செஞ்ச வேல இது?"

எந்த மடையன் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. ஆறு மணிக்கு என் கடையை அணைத்த கை என்னுடையது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே அடுப்பின் திருகியைத் திருகி, நானே உள்ளே போய் உட்கார்ந்து, உன்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆறு முறை உனக்குப் போன் செய்தேன். உன் அண்ணன் வீடு எந்த ஏரியில், எந்தக் கரையில் என்று இருபத்தெட்டு வருடத்தில் நான் கேட்டுக்கொண்டதே இல்லை என்பது இன்று காலைதான் உறைத்தது. கடையைப் பூட்டிவிட்டு நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டி வந்தேன். ஜூலையில் கடையைப் பூட்டியதும் இதுதான் முதல் முறை.

உன் எதிர்வீட்டு அம்மாள் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டார். "யாருங்க நீங்க, சாருக்கு என்ன ஒறவு?" என்றார். மனைவி என்று சொல்ல வாயெடுத்தேன். செப்டம்பர் நினைவுக்கு வந்தது. வாடிக்கையாளர் என்றேன்.

நான் தவறாக எழுதினேன். அந்த ஜூன் கடிதத்தில் இருந்த எல்லாமே தவறு, தேதியைத் தவிர. நகலை அழிக்காதே. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

ஐலா


குவோபியோ, ஜூலை 20

ஐலா,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தரையைப் பார்க்கவில்லை.

நேற்று காலை வந்தேன். கதவுக்குப் பின்னால் மூன்று வாரத்து விளம்பரத் தாள்கள் குவிந்திருந்தன. காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன். உன் கடிதம் அதற்குள்தான் இருந்தது. உட்கார்ந்து நகலைத் திறந்தேன். அழிக்கும் கட்டளையைக்கூட எழுதிவிட்டேன். அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

எதையும் அழிக்கும் முன், மற்ற நகல் உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். உன் வீட்டுக்குள் வர எனக்கு வழியில்லை, ஆனால் வெளியிலிருந்து தட்ட யாராலும் முடியும். உன் சர்வரைத் தட்டினேன். பதில் இல்லை. பத்து நிமிடம் கழித்துத் தட்டினேன். இல்லை. பதில் வராத நேரத்தில் நான் எதையும் அழிப்பதில்லை. எழுதிய கட்டளையை நீக்கிவிட்டுக் காபி போட்டேன். காபி ஆறும் வரை தாள்களைப் புரட்டினேன்.

உன்மேல் இருந்த அன்பினால் காப்பாற்றினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை. பழக்கம் காப்பாற்றியது.

அந்த மடையன் நான்தான். தொண்ணூற்றெட்டாம் வருடம் அக்டோபர். சார்ஜருக்கு ஒரு பொருத்தி வேண்டியிருந்தது, பெல்கோனனைக் கூப்பிடச் சொன்னாய், நானே செய்கிறேன் என்றேன். பக்கத்திலிருந்த கம்பியில் இழுத்தேன். பேட்டரி சனிக்கிழமை மூன்று மணி நேரம் நின்று மறுபடி ஏறினால் யார் கவனிப்பார்? நானும் மறந்தேன். நீ மே மாதக் கடிதத்தில் "உன் சார்ஜர் செருகியிருந்ததே" என்று எழுதியதை வாசித்தேன். அப்போதே நினைவு வந்திருக்க வேண்டும். உனக்கு ஒரு பக்கம் அறிவுரை எழுதியவன், என் கையால் செய்ததை யோசிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன்.

புதிய வட்டில் உன் பட்டியலை ஏற்றி இன்றைய பேருந்தில் அனுப்பியிருக்கிறேன். ஜூன் 17 விடிகாலை வரை எல்லாம் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த விற்பனையை ரசீதுகளைப் பார்த்து நீதான் ஏற்ற வேண்டும். பெல்கோனன் தனி இணைப்பு இழுக்கும் வரை பெட்டியை வேறு அறையில் வை. யூபிஎஸ் பற்றி மூன்றாவது முறை சொல்ல மாட்டேன்.

நகல் இங்கேயே இருக்கும். செப்டம்பரில் யார் எதில் கையெழுத்திட்டாலும் இருக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

எதிர்வீட்டு அம்மாள் சொன்னார்: "ஒங்க வாடிக்கையாளர் ரொம்ப நேரம் படியிலயே ஒக்காந்திருந்தாங்க. தண்ணி குடுத்தேன், வேண்டாம்னுட்டாங்க. இவ்ளோ வருத்தப்படுற வாடிக்கையாளர நான் பாத்ததில்ல சார்."

இல்மாரி


ரந்தசால்மி, செப்டம்பர் 12

இல்மாரிக்கு,

சர்வர் நன்றாக ஓடுகிறது. ஐந்து வாரத்து ரசீதுகளை நானும் கெர்த்துவும் பத்து நாளில் ஏற்றி முடித்தோம். அந்தக் கேஸ்கட் நாற்பத்தொன்றாவது தட்டில், மீன் டப்பாவில் இருந்தது. கேட்டவனுக்கு நானே போன் செய்து, அனுப்புகூலி இல்லாமல் அனுப்பினேன். இனி அவன் லப்பேன்ராந்தா பக்கம் போக மாட்டான்.

பெல்கோனன் தனி இணைப்பு இழுத்துவிட்டார். யூபிஎஸ் வாங்கிவிட்டேன். விலையைக் கேட்காதே, வெட்கமாக இருக்கிறது, பேரம் பேச மறந்துவிட்டேன்.

ஆறு மாதம் நேற்றோடு முடிந்தது. இரண்டாவது மனுவின் படிவம் சமையல் மேசையில் கிடக்கிறது. நீதிமன்றத்துப் பெண்ணிடம் கேட்டேன். "அவசரமில்லம்மா, மார்ச் வரைக்கும் டைம் இருக்கு. யாரும் அனுப்பலன்னா அது தானா காலாவதியாயிடும்" என்றாள். உனக்கும் அதே உரிமை உண்டு, கையெழுத்திட நினைத்தால் நீயும் இடலாம். நான் சொல்ல வந்தது வேறு விஷயம்.

உன்னிடம் இருக்கும் நகலை அங்கிருந்து எடுத்துவிடு. இனி அது கெர்த்துவின் வீட்டில் இருக்கும். அவளிடம் பேசிவிட்டேன், மாடியில் இடம் ஒதுக்கிவிட்டாள், அவள் இருக்கும் மிக்கேலி இங்கிருந்து போதுமான தூரம். அழிக்க வேண்டாம், கொண்டுபோய்க் கொடு. வழியில்தான் நம் வீடு இருக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் மே மாதக் கடிதத்தைப் பாத்திர அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன், தட்டு எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு நகல் இருக்கக் கூடாது என்று நீதான் எழுதியிருக்கிறாய். நீ வந்தால் நகலும் உன்னோடு வந்துவிடுமே, அதனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்தேன்.

இதற்கு முப்பது நாள் எடுத்துக்கொள்ளாதே.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அடுப்பைப் போடுகிறேன். இப்போது அதனால் எதுவும் அணைவதில்லை.

ஐலா